முறை வீடு

கொச்சி
9 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே வைத்துவிடுகிறாய். "சொல்றதை எழுதி அனுப்பு, படிச்சுப் பாக்கறேன்" என்று கடைசியாகச் சொன்னாய். அதனால் எழுதுகிறேன். சுற்றி வளைக்கப்போவதில்லை.

நம் கோயில் பங்கிலிருந்து சனிக்கிழமைதோறும் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல்காரர்களைப் பார்க்கிற கோஷ்டிக்குக் கேட் பாஸ் இருக்கிறதே, அதை எங்கள் அறக்கட்டளைக்கு மாற்றிக் கொடு. பொறுப்பாளர் நீ. நீ கையெழுத்துப் போட்டால் போதும். இந்த வேலைக்கென்று தருகிற பாஸ் சொற்பம். ராயபுரத்தில் அது முடங்கிக் கிடக்கும்வரை எங்கள் ஆளுக்குக் கிடைக்காது.

நாங்கள் செய்திருக்கும் செயலியைப் பற்றிச் சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. ஒரு மாலுமி எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் சரி, போனைத் திறந்தால் அவன் மொழியில் திருப்பலி, செபமாலை, செபக் கோரிக்கை அனுப்ப வசதி, சாமியாரிடம் பேச வசதி. அதன் தொழில்நுட்பப் பொறுப்பு முழுக்க என்னுடையது. நேற்றுவரை கன்டெய்னர் கிரேனில் ஏறி சென்சார் மாற்றிக்கொண்டிருந்தவனை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்கும் எண்ணூருக்கும் சேர்த்து முழுநேர ஆள் ஒருவர் போதும். மற்றதைச் செயலி பார்த்துக்கொள்ளும்.

பங்குப் பேரவைக் கூட்டத்தில் "வாழைப்பழத்தோடு பிக்னிக்" என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் யோசித்துப் பார். வாரத்துக்கு ஒரு கப்பல், மிஞ்சினால் இரண்டு. ஏணி ஏறிப் பழம் கொடுக்கிறீர்கள், சிம் கார்டு போட்டுக் கொடுக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை யார் முறையோ அந்த வீட்டில் கூட்டிவந்து உட்காரவைத்துச் சோறு போடுகிறீர்கள். சாப்பிடுகிறவனில் பாதிப் பேர் கிறிஸ்தவனே இல்லை. ஒருவனாவது கோயில் பக்கம் திரும்பினானா? இதை ஆண்டறிக்கையில் மறைபரப்புப் பணி என்று எழுத எப்படி மனம் வருகிறது?

பதில் சீக்கிரம் வேண்டும். மாத முடிவுக்குள் நாங்கள் விண்ணப்பம் போட வேண்டும்.

ஜெரி


ராயபுரம்
20 ஜனவரி 2024

மரியே வாழ்க.

ஜெரி,

பொங்கல் எப்படி என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கமாட்டாய். நன்றாக இருந்தது.

கையெழுத்துப் போடமாட்டேன். காரணம் கேட்பாய், அதனால் எழுதுகிறேன். போன மாதம் துருக்கிக் கப்பல் ஒன்றுக்குப் போனோம். தாடி வைத்த ஒரு ஆள், எஞ்சின் ரூம்காரன், எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் எதை விற்கிறீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டான். செல்வநாதன் மாமா ரயில்வேயில் கேட்மேனாக இருந்தவர், அவருக்கு எவ்வளவு இங்கிலீஷ் வரும் என்று உனக்கே தெரியும். அவர் தமிழிலேயே சொன்னார்: "ஒண்ணியும் விக்கல நைனா. நாளிக்கி ஞாயித்துக்கெழம. வூட்ல சோறு கீது. வா." கையால் அள்ளிச் சாப்பிடுகிற மாதிரி காட்டினார். வந்தான். ஜானட் ஆன்ட்டி வீட்டில் சாப்பிட்டான். போகும்போது வாசலில் நின்று அவன் மொழியில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எங்களுக்குத் தெரியாது. அவன் கோயில் பக்கம் திரும்பவில்லைதான். நாங்கள் கோயிலிலிருந்துதான் வருகிறோம் என்று அவனுக்குத் தெரியும்.

உன் முழுநேர ஆள் ஏணி ஏறுவார், சரி. ஏறிப் போய் எங்கே சாப்பிடக் கூப்பிடுவார்? லாட்ஜுக்கா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நீயும் நானும். அப்புறம் நீயும் போய்விட்டாய். கப்பல் ஏஜென்ட் ஆபிசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் கப்பல் பேர் தட்டிவிட்டு வந்து ஒரு ஆளுக்குச் சமைக்கிறேன். நம் வீட்டு முறை வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய சட்டியை இறக்குகிறேன். இதைப் பணி என்று சொல்ல வேண்டாம் என்றால் சொல்லவில்லை. விட்டுவிடு.

டோரதி


கொச்சி
12 பிப்ரவரி 2024

அக்கா,

என் வாயால் சொல்லிவிடுவது நல்லது. உன் கையெழுத்து இல்லாமலே முடிந்துவிட்டது. புதுப் பங்குத்தந்தைக்கு எங்கள் இயக்குநர் எழுதினார். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அவருக்கும் கோஷ்டி எங்கே, யார், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு வாரமும் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய பெயர்களை எடுத்துவிடச் சொல்லித் துறைமுக பாஸ் அலுவலகத்துக்கு நான்தான் மெயில் போட்டேன். வேறு யாராவது போட்டிருந்தால் எழுத்துப் பிழையோடு போட்டிருப்பார்கள்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மாமா கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ஆளுக்குச் சோறு போடுவதற்கும் ஆயிரம் பேரைச் சென்றடைவதற்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் யாரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். ஆண்டவர் உலகெங்கும் போகச் சொன்னார், நம் தெருவோடு நிற்கச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பங்கில் ஏழைகள் இல்லையா? அவர்களுக்குப் போடுங்கள்.

ஜெரி


ராயபுரம்
11 மார்ச் 2024

ஜெரி,

உன் மனம் குளிரட்டும். நின்றுவிட்டது.

கடைசி முறை செல்வநாதன் மாமா வீடு. கப்பல்காரர்கள் யாரும் இல்லை, பாஸ்தான் போய்விட்டதே. நாங்களே உட்கார்ந்து சாப்பிட்டோம். சமையலுக்குக் கைகொடுக்க வந்த ஜானட் ஆன்ட்டி பழக்க தோஷத்தில் நாலு மீன் அதிகமாகப் பொரித்துவிட்டார். மாமா சும்மா இருப்பாரா? "இன்னா டோரதி, உன் தம்பி கிரேனுக்கு வயரிங் பண்ணுவான்னு பாத்தா சாமியாருக்கே பண்ட்டானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆன்ட்டி மட்டும், "இத்தினி வருசம் போட்ட சோத்த பிக்னிக்னு சொல்லிட்டான்ல" என்றார். உன் ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்தி நின்றவர் அவர்.

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யாரும் சண்டை போடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் இனிமேல் தூங்கலாம் என்று ஒருவர் சொன்னார். பிள்ளைக்கு டியூஷன் மாற்றிக்கொள்ளலாம் என்று இன்னொருவர். இவ்வளவு லேசாகக் கழன்று போகும் என்று நான் நினைக்கவில்லை. உனக்குச் சாதகமாக இதையும் எழுதிவைக்கிறேன், எடுத்துக்கொள்.

இனி எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

டோரதி


கொச்சி
6 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நாலு மாதமாக நீ எழுதவில்லை. போனும் எடுப்பதில்லை. சரி, நானே எழுதுகிறேன்.

செயலி நன்றாகப் போகிறது. எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போகிறது. பிலிப்பைன்ஸ்காரர்களுக்குத் தகாலோக், பர்மாக்காரர்களுக்குப் பர்மியம் என்று புது மொழிகள் சேர்த்திருக்கிறோம். ரோமிலிருந்து ஒரு சாமியார் வந்து பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்வது?

இங்கே நான் தங்கியிருக்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் பெரிய கோயில். முதல் மாதம் ஒழுங்காகப் போனேன். கடைசி பெஞ்சில் உட்காருவேன். பூசை முடிந்ததும் எல்லோரும் குடும்பம் குடும்பமாக நின்று பேசுவார்கள், நான் செருப்பைத் தேடுவேன். இதுவரை ஒருவரும் என் பெயரைக் கேட்கவில்லை. அவர்கள் மேல் குறை இல்லை, எனக்கும் மலையாளம் சரியாக வராது. இப்போதெல்லாம் அறையில் படுத்துக்கொண்டு எங்கள் செயலியிலேயே திருப்பலி பார்த்துவிடுகிறேன். ஒலி தெளிவாக இருக்கிறதா என்று சோதித்த மாதிரியும் ஆயிற்று.

ஆன்ட்டிக்கு முழங்கால் வலி என்று நம் தெரு பிராங்கிளின் சொன்னான். எப்படி இருக்கிறது? இதற்காவது பதில் போடு.

ஜெரி


கொச்சி
21 ஆகஸ்ட் 2024
(கூரியர்)

அக்கா,

காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டிருக்கிறேன். நீ எடுக்கவில்லை. மாமா போன் அணைந்திருக்கிறது. அதனால் கூரியரில் போடுகிறேன், நாளை மறுநாள் கிடைத்துவிடும். முழுக்கப் படி, கோபத்தில் கிழித்துப்போடாதே.

எண்ணூரில் ஒரு சின்னச் சரக்குக் கப்பல் நிற்கிறது. ஜூலை முதல் வாரத்திலிருந்து நிற்கிறது. முதலாளி மாதக்கணக்கில் சம்பளம் போடவில்லை, கடன்காரர்கள் வழக்குப் போட்டு நீதிமன்றம் கப்பலை நகரவிடாமல் வைத்திருக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் கீழே இறங்க முடியாது. யூனியன்காரர்கள் அரிசியும் தண்ணீரும் கொடுத்துவருகிறார்கள். அதில் ரொமெல் என்று ஒரு பிலிப்பினோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேறொரு கப்பலில் வந்து நம் தெருவில் முறைச் சாப்பாடு சாப்பிட்டவன். ஜானட் ஆன்ட்டி வீட்டில், பொரித்த மீன், தலையோடு சாப்பிட்டான் என்று ஆன்ட்டி ஊரெல்லாம் சொன்னாரே, அவன்தான்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேள். செயலியில் ஒரே ஆளுக்கு ஒரே தானியங்கிப் பதில் திரும்பத் திரும்பப் போயிருந்தது. ஏதோ பிழை என்று நினைத்துத் திறந்து பார்த்தேன். பிழை இல்லை. அவன் ஒவ்வொரு வாரமும் எழுதியிருக்கிறான். "எங்கள் கப்பல் எண்ணூரில் நிற்கிறது. ராயபுரம் வீட்டுக்காரர்கள் எந்தச் சனிக்கிழமை வருவார்கள்?" கூட இருக்கிறவர்களிடமும் சொல்லிவைத்திருக்கிறான், சனிக்கிழமை ஆட்கள் வருவார்கள், நல்லவர்கள், வீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று. போன வாரம் எழுதியது வேறு. ஊரில் அவன் அம்மா இறந்துவிட்டார். போக முடியவில்லை. "யாராவது வந்து கூட உட்கார்ந்து செபம் சொல்ல முடியுமா? மீன் பொரித்த ஆன்ட்டிக்கு என்னைத் தெரியும்."

இதற்குப் போன பதில்: "உங்கள் செபக் கோரிக்கை பெறப்பட்டது. நீங்கள் தனியாக இல்லை." அதற்குக் கீழே செபமாலைக்கு ஒரு இணைப்பு. அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

எங்கள் முழுநேர ஆள் தூத்துக்குடியில் இருக்கிறார். ஒரே ஆளுக்கு நாலு துறைமுகம் கொடுத்திருக்கிறார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் வடக்கே வருவார். நீ போ. மாமாவைக் கூட்டிக்கொண்டு போ. ஆன்ட்டியால் முடிந்தால் அவரையும். பழைய பாஸை வைத்துப் பேசிப்பார், அங்கே உங்களை எல்லோருக்கும் தெரியும். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெரி


ராயபுரம்
26 ஆகஸ்ட் 2024

ஜெரி,

கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. சனிக்கிழமை போனோம், நானும் மாமாவும் மட்டும். மற்ற வீடுகளிலும் கேட்டேன். ஒருவருக்குக் கல்யாண வீடு. ஒருவர், "அதான் சம்பளத்துக்கு ஆளு போட்டுகீறாங்களே, அவுங்க பாத்துப்பாங்க" என்றார். பொல்லாத்தனத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார். ஆன்ட்டி கிளம்பிவிட்டார். முழங்கால் மடங்கவில்லை. பஸ் நிறுத்தத்தோடு திரும்பிவிட்டார். மீன் பொரித்து டப்பாவில் கொடுத்து அனுப்பினார்.

பாஸ் கவுண்டரில் நம் குமாரவேல்தான் இருந்தார். எழுந்து நின்று பேசினார். "சிஸ்டர், இத்தினி நாளா எங்க போய்ட்டீங்கோ? அந்தப் பசங்க சனிக்கெழமையானா ஏணியாண்ட வந்து நின்னுகினு கீறானுங்கோ. நான் இன்னா பண்ணட்டும்? உங்க பேரெல்லாம் எடுத்துட்டாங்கோ. உங்க ஆளுங்க கைலர்ந்துதான் மெயில் வந்துச்சு." மாமா, "மெயில் போட்டவன் எங்க வூட்டுப் புள்ளதான்பா. அவன் சார்பா நாங்க வந்துகீறோம்" என்றார். குமாரவேலுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. டப்பாவையும் உள்ளே அனுப்ப முடியாது என்றார். மாமா அதைத் திரும்ப வாங்கி வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

இத்தோடு நிறுத்தினால் எல்லாப் பழியும் உன் மேல் விழும். விழட்டும் என்றுதான் முதலில் இரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்தேன். முடியவில்லை.

எனக்கு அந்தக் கப்பலைப் பற்றித் தெரியும், ஜெரி. அது வந்த வாரமே தெரியும். நான் உட்கார்ந்திருப்பது ஏஜென்ட் ஆபிசில். எந்தக் கப்பல் வந்தது, எது போக முடியாமல் நிற்கிறது என்று காலையில் முதல் வேலையாகப் பார்ப்பவள். சம்பளமில்லாத ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியும். பழைய நாளாக இருந்தால் அன்று சாயங்காலமே தெருவில் சொல்லியிருப்பேன். பாஸ் இல்லை என்றால் பங்குத்தந்தையிடம் போய் நின்றிருப்பேன், உனக்கு எழுதியிருப்பேன், குமாரவேல் காலில் விழுந்திருப்பேன். ஒன்றும் செய்யவில்லை. உன் செயலி பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். எத்தனை வாரம் தாங்குகிறது பார்ப்போம் என்று இருந்தேன். நீ ஒரு நாள் தோற்றுப்போய் எனக்கு எழுதுவாய், அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். நீ போன் அடித்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். இதுவாகத்தான் இருக்கும் என்று தெரிந்து எடுக்கவில்லை.

ரொமெல் அதில் இருந்தது மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாஸ் வாங்கிக் கொடு. உன்னால்தான் முடியும். சீக்கிரம்.

டோரதி


கொச்சி
10 செப்டம்பர் 2024

அக்கா,

பாஸ் வந்துவிட்டது. உன் பேரிலும் மாமா பேரிலும். இயக்குநரிடம் சத்தம் போட்டு, பங்குத்தந்தையிடம் மறுபடி கடிதம் வாங்கி, அந்த அலுவலகத்துக்கு ஒரு நாளைக்கு நாலு மெயில் போட்டு, நேற்று மத்தியானம் வந்தது. இத்துடன் நகல் வைத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமையே அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யூனியன் வழக்கில் பாதிச் சம்பளம் கிடைத்ததாம். கப்பலில் இப்போது காவலுக்கு இரண்டு பேர், அவர்களும் வேறு ஆட்கள். எங்கள் முழுநேர ஆள் மறுநாள் போய்ச் சேர்ந்தார்.

ரொமெலுக்கு நான் நேராக எழுதியிருந்தேன். தானியங்கி இல்லை, என் பேர் போட்டு. அம்மாவுக்காக வருந்துகிறேன், நான் அந்தத் தெருப் பையன்தான், எங்கள் ஆட்கள் கேட் வரை வந்தார்கள், விடவில்லை, மீன் கூடக் கொண்டுவந்தார்கள் என்று எல்லாம் எழுதினேன். அது போய்ச் சேருவதற்கு முன்னாலேயே அவன் விமான நிலையத்திலிருந்து செயலியில் ஒன்று அனுப்பியிருக்கிறான். அப்படியே தமிழில் தருகிறேன்.

"நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். பொரித்த மீன் ஆன்ட்டிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்காரர்கள் ஏன் வரவில்லை என்று மற்றவர்கள் கேட்டார்கள். அவர்கள் வீடு மாறிப் போயிருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன்."

கோபமாக ஒரு சொல் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

நீ எழுதியதைப் பற்றி நான் என்ன சொல்ல? நீ காத்திருந்தது ஏழெட்டு வாரம். அப்படி ஒரு நிலைமையில் உன்னைக் கொண்டுபோய் வைத்தவன் நான். இதில் யார் பங்கு அதிகம் என்று பிரித்துப் பார்க்கிற வேலை எனக்கு வேண்டாம். அவன் அம்மா பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை.

வேலையை விடுகிறேன் என்றெல்லாம் வசனம் எழுதமாட்டேன். நடுக்கடலில் இருக்கிறவனுக்கு அது தேவைதான், நிறையப் பேர் எழுதுகிறார்கள். கரைக்கு வந்தவனுக்கு என்ன செய்வது என்பதை நான் யோசிக்கவே இல்லை. அங்கே நீங்கள் இருந்தீர்கள். உங்களைக் கழற்றிவிட்டுத்தான் அதை மாட்டினேன். இயக்குநரிடம் இதைச் சொன்னேன். அந்தந்தத் துறைமுகத்துப் பங்கைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். படித்துப் பார்ப்பதாகச் சொன்னார். படித்துப் பார்ப்பதாக நீயும் ஜனவரியில் போனில் சொன்னாய்.

அந்தத் தானியங்கிப் பதிலை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன வைப்பது என்று தெரியவில்லை. அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.

அடுத்த மாதம் லீவு கிடைக்கும். வரட்டுமா?

ஜெரி


ராயபுரம்
16 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி ஜெரி,

வா. கேட்டுக்கொண்டு வருகிற வீடா இது?

ஆனால் வந்ததும் எல்லாம் பழையபடி இருக்கும் என்று நினைக்காதே. பாஸ் நகலோடு பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். சங்கடப்பட்டார். ஞாயிறு பூசையில் அறிவித்தார், சனிக்கிழமை கப்பல் சந்திப்பு மறுபடி தொடங்குகிறது, பெயர் கொடுப்பவர்கள் டோரதியிடம் கொடுக்கலாம் என்று. வெளியே மரத்தடியில் நின்றேன். நிறையப் பேர் வந்து நலம் விசாரித்தார்கள். யாரும் பெயர் கொடுக்கவில்லை. முன்பு யாரும் பெயர் கொடுத்துச் சேரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வீட்டைப் பார்த்து இன்னொரு வீடு செய்தது. பார்ப்பதற்கு இப்போது ஒரு வீடும் இல்லை. மறுபடி அப்படி ஆவதற்கு எத்தனை வருஷம் ஆகுமோ.

மாமாவும் நானும் நேற்று முன்தினம் ஒரு கப்பலுக்குப் போனோம். ஏணி ஏறும்போது மாமா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பழம் கொடுத்தோம். ஞாயிறு நம் வீட்டுக்குக் கூப்பிட்டேன். தலையாட்டினார்கள். யாரும் வரவில்லை. குழம்பை ஃபிரிஜ்ஜில் வைத்திருக்கிறேன்.

ரொமெல் எழுதியதை ஆன்ட்டியிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நன்றி சொன்னான் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் விடவில்லை. வேறென்ன எழுதினான், வேறென்ன எழுதினான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாம் வீடு மாறிப் போயிருப்போம் என்று அவன் மற்றவர்களிடம் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. என்னை இல்லை, வாசல் பக்கம் பார்த்தார்.

"நாம எங்கடி போனோம்?" என்றார். "இங்கியேதானே கீறோம்."

டோரதி